பகல் வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்க முடியுமா? சிறிய சூரிய வெப்ப மின் நிலையங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ராஜஸ்தானில், அபு மலையின் அடிவாரத்தில், அபு ரோடு என்றொரு ஊர். பிரம்மா குமாரிகள் அமைப்பின் பெரிய வளாகம் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த வளாகத்துக்கு மின்சாரம் தருவதற்காகக் கட்டிய மின் நிலையத்தின் பெயர் 'இந்தியா ஒன்'. படத்தில் பார்ப்பவர்கள் முதலில் அதை ஏதோ தொலைத்தொடர்பு நிலையம் என்றுதான் நினைப்பார்கள். வரிசை வரிசையாக 770 டிஷ்கள். ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்பு, முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் எதிரில் கனமான வார்ப்பிரும்புக் கட்டி ஒன்று நிற்கிறது. பகலெல்லாம் டிஷ் வெயிலைக் குவித்து அந்த இரும்பைச் சூடாக்குகிறது. சூரியன் மறைந்த பிறகு 16 மணி நேரம் வரை அந்தச் சூட்டைக் கொண்டே நீராவி எடுத்து டர்பைனை ஓட்டலாம் என்ற திட்டத்தில் வடிவமைத்தது. மின்திறன் 1 மெகாவாட்.

மின் நிலையங்களின் உலகத்தில் 1 மெகாவாட் ரொம்பச் சின்னது. கூடங்குளத்தில் ஒரே ஓர் அணு உலை 1,000 மெகாவாட். ஆனால் ஒரு வளாகம், ஒரு கிராமம், ஒரு தொழிற்சாலை என்று பார்த்தால் இந்த அளவுதான் கைக்கு அடக்கமானது. பேனலும் பேட்டரியும் இல்லாமல், கண்ணாடியும் இரும்பும் தண்ணீரும் மட்டும் வைத்து ராத்திரியில் விளக்கெரிக்கலாம் என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசை எந்த அளவுக்கு நியாயமானது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஓர் அடிப்படை வித்தியாசம். கூரையில் போடும் சோலார் பேனல் வெளிச்சத்தை நேராக மின்சாரமாக மாற்றுகிறது. நடுவில் சூடு என்ற கட்டமே கிடையாது. சொல்லப்போனால் பேனல் சூடானால் அதன் உற்பத்தி குறைகிறது. சூரிய வெப்ப மின் நிலையம் வேறு வழியில் போகிறது. வெயிலைக் கண்ணாடியால் குவிக்கிறோம், அது ஒரு பொருளைச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்து நீராவியாகிறது, நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. நிலக்கரி மின் நிலையத்தில் நடப்பதும் இதேதான். அடுப்பு மட்டும்தான் வேறு.

இத்தனை படிகள் இருப்பது வீண் வேலை போலத் தெரியும். ஆனால் நடுவில் சூடு என்ற கட்டம் இருப்பதில்தான் இந்த முறையின் பலமே இருக்கிறது. சூட்டைச் சேர்த்து வைப்பது எளிது.

வெயிலைப் பிடிப்பது

கண்ணாடி குவிப்பது எந்த வெயிலை? இதைப் பலர் கவனிப்பதில்லை. பூமிக்கு வரும் ஒளியில் ஒரு பகுதி சூரியனிலிருந்து நேராக வருகிறது. இன்னொரு பகுதி மேகம், தூசி, ஈரப்பதம் இவற்றில் பட்டுச் சிதறி, வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. பேனலுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணாடியால் நேராக வருவதை மட்டுமே ஒரு புள்ளியில் குவிக்க முடியும். சிதறிய ஒளி எந்தக் கோணத்தில் வருகிறது என்பதற்கே ஒழுங்கு இல்லாதபோது கண்ணாடி என்ன செய்யும்?

நேர் ஒளி இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழலைப் பாருங்கள். விளிம்பு வெட்டினாற்போல் தெளிவாக இருந்தால் நேர் ஒளி நிறைய இருக்கிறது. வெளிச்சம் கண்ணைக் கூசினாலும் நிழல் மங்கலாக இருந்தால், குவிக்கும் கண்ணாடிக்கு அன்று அரை வயிறுதான். ராஜஸ்தான் போன்ற வறண்ட நிலங்களில் இத்தகைய நிலையங்களைக் கட்டுவதற்கும், ஈரக்காற்று வீசும் கடலோரங்களில் தயங்குவதற்கும் காரணம் இதுதான். வெயில் சுட்டெரிக்கிறது என்பது மட்டும் போதாது.

அடுத்த சிக்கல், சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. கண்ணாடி அதைப் பின்தொடர வேண்டும். சாதாரணப் பரவளைய டிஷ்ஷில் குவியம், அதாவது ஒளி வந்து சேரும் புள்ளி, டிஷ்ஷோடு சேர்ந்தே நகரும். குவியத்தில் பல டன் இரும்பை வைத்துக்கொண்டு அப்படி ஆட்ட முடியாது. இதற்கு நல்லதொரு தீர்வு கண்டவர் வோல்ஃப்காங் ஷெஃப்லர். அவருடைய முதல் டிஷ் 1986-இல் வடக்கு கென்யாவில் சமையலுக்காக நிறுவப்பட்டது. பரவளையத்தின் நடுப்பகுதியை எடுக்காமல் பக்கவாட்டுத் துண்டை எடுத்து, பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் அதைச் சுழல விட்டார். டிஷ் நாள் முழுக்கச் சுழன்றாலும் குவியம் ஒரே இடத்தில் நிற்கும். பருவம் மாற மாறச் சூரியனின் உயரம் மாறுமே, அதற்கு டிஷ்ஷின் சாய்வோடு அதன் வளைவையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். அதனால் டிஷ்ஷின் சட்டத்தையே வளைந்து கொடுக்கும்படி அமைத்தார். இந்த வடிவமைப்பை யாரும் செய்துகொள்ளலாம் என்று அவர் திறந்தே வைத்தது, இந்தியாவில் இது பரவியதற்கு ஒரு பெரிய காரணம். இந்தியா ஒன்னில் இருப்பவை இந்த வழியில் வந்த டிஷ்கள்தான்.

இதற்கு நேர் எதிரான தீர்வை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். ஆரோவில்லின் சூரியச் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அது அசையாது. கோள வடிவக் கிண்ணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு கோட்டை ஒட்டிக் குவியும். அந்தக் கோடு சூரியனோடு நகரும். ஆகவே அங்கே கண்ணாடியை விட்டுவிட்டு, வெப்பத்தை வாங்கும் குழாயைத்தான் நகர்த்துகிறார்கள். அந்த நீராவி சமையலுக்குப் போகிறது, மின்சாரத்துக்கு அல்ல. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வர வேண்டியிருக்கும்.

சூட்டைச் சேர்ப்பது

தோசைக்கல் தெரியும். கனமான வார்ப்பிரும்புக் கல் சூடேற நேரம் எடுக்கும். அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை வார்க்கலாம். மெல்லிய நான்ஸ்டிக் கல்லில் அது நடக்காது. வெப்பச் சேமிப்பின் முழு விஷயமும் இவ்வளவுதான்: நிறைய எடை, நிறைய சூடு, சூடு வெளியே போகாமல் நல்ல போர்வை.

எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் வார்ப்பிரும்பை 250 டிகிரி செல்சியஸிலிருந்து 450 டிகிரிக்கு ஏற்றினால் அதில் சேரும் வெப்பம் சுமார் 25 யூனிட். மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான், இங்கே வெப்பமாக. இதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாக மாறுகிறது என்று வைத்தால் 5 யூனிட் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கும் வீட்டின் ஒரு நாள் தேவை அது. ஒரு டன் இரும்பில் ஒரு நாள் மின்சாரம்! இதே 5 யூனிட்டைத் தரும் லித்தியம் பேட்டரியின் எடை ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். எடையைப் பார்த்தால் இரும்பு பரிதாபம். ஆனால் இரும்பு தேய்வதில்லை. ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை சூடாக்கி ஆற்றினாலும் அதன் கொள்ளளவு குறையாது. பழைய இரும்பாக விற்கவும் விற்கலாம்.

இரும்பு மட்டும்தான் வழியா? இல்லை. ஒரு கிலோவுக்கு அதிகச் சூட்டை ஏற்பது தண்ணீர்தான், இரும்பைப் போல ஒன்பது மடங்கு. ஆனால் 100 டிகிரிக்கு மேலே போனால் அழுத்தம் ஏறும். அதைத் தாங்கும் தொட்டி விலை அதிகம், ஆபத்தும் உண்டு. கருங்கல் கிலோவுக்குக் கிலோ இரும்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சூட்டை ஏற்கும், விலையும் மலிவு. ஆனால் கல் வழியாகச் சூடு மெதுவாகத்தான் கடக்கும், அதனால் ஒரே பாறையாக வைக்க முடியாது. சின்னச் சின்னக் கல்லாக நிரப்பி, நடுவே சூடான காற்றையோ எண்ணெயையோ விட வேண்டும்.

கல் தொட்டியில் ஓர் அழகான விஷயம் நடக்கிறது. மேலிருந்து சூடான காற்றை உள்ளே விட்டால் மேல் அடுக்கு முதலில் சூடாகும். அங்கேயே சூட்டைக் கொடுத்துவிட்ட காற்று கீழே போகும்போது குளிர்ந்திருக்கும். கற்கள் ஒன்றையொன்று புள்ளி புள்ளியாகத்தான் தொடுகின்றன, அதனால் மேலே உள்ள சூடு தானாகக் கீழே இறங்குவது மிகக் குறைவு. மேலே 500 டிகிரி, கீழே 100 டிகிரி, நடுவில் குறுகலான ஓர் எல்லை. சூடு ஏற ஏற அந்த எல்லை கீழே நகரும். எடுக்கும்போது காற்றைக் கீழிருந்து மேலே திருப்பி விடுகிறோம், எல்லை மேலே நகரும். கடைசி வரைக்கும் வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட அதே 500 டிகிரியில் வரும். இரும்புக் கட்டியில் அப்படி இல்லை. சூட்டை எடுக்க எடுக்க மொத்தக் கட்டியின் வெப்பநிலையும் சரியும். முன்னிரவில் கிடைத்த தரமான நீராவி விடியற்காலையில் கிடைக்காது. மெதுவாக ஆறிப்போகும் ஒரு கொதிகலனோடு டர்பைனை ஓட்டுகிற வேலை அது.

பெரிய நிலையங்கள் உப்பைப் பயன்படுத்துகின்றன. சமையல் உப்பு அல்ல. சோடியம் நைட்ரேட் 60 பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு கலந்த கலவை. 240 டிகிரிக்குப் பக்கத்தில் முழுக்க உருகித் தண்ணீர் மாதிரி ஓடும், 565 டிகிரி வரை தாங்கும். ஸ்பெயினில் செவீயாவுக்கு அருகே 2011-இல் தொடங்கிய கெமாசோலார் நிலையம் இந்த உப்பை இரண்டு தொட்டிகளில் வைத்து 15 மணி நேரம் வெயில் இல்லாமல் ஓடும் அளவுக்குச் சேமிக்கிறது. அதன் திறன் ஏறக்குறைய 20 மெகாவாட். நிலையம் பெரியதென்றால் இது அருமையான முறை. சிறியதற்கு எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. குழாயில் எங்காவது வெப்பம் குறைந்தால் உப்பு உறைந்து கல்லாகிவிடும். அதைத் தடுக்கக் குழாய் முழுக்க ஹீட்டர் சுற்ற வேண்டும், ராத்திரியில் ஆள் இருக்க வேண்டும். பத்து வீட்டுக்கு மின்சாரம் தருகிற இடத்தில் இந்தக் கவலையை யார் சுமப்பது? உறைவதற்கோ கசிவதற்கோ இரும்பிலும் கல்லிலும் எதுவும் இல்லை. இந்தியா ஒன்னில் இரும்புக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்ச் சுருள் இருக்கிறது. நீராவி வேண்டும்போது தண்ணீரை விட்டால் போதும். சூரியன் இல்லாத நேரத்தில் ஒளி நுழையும் வாயை ஒரு மூடி தானாக வந்து அடைத்துக்கொள்ளும். அந்த வாய் திறந்தே இருந்தால் பகலில் உள்ளே வந்த வழியாகவே ராத்திரியில் சூடு வெளியேறிவிடும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சேமிப்புத் தொட்டியின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெளிப்பரப்போ நான்கு மடங்குதான். சூடு கசிவது வெளிப்பரப்பு வழியாக. ஆக, பெரிய தொட்டி தன் சூட்டை எளிதாகக் காத்துக்கொள்ளும். சிறிய தொட்டிக்கு அதன் அளவுக்கு மிஞ்சிய தடிமனில் போர்வை போட வேண்டும். வீட்டு அளவில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு முதல் அடி இங்கே விழுகிறது. இரண்டாவது அடி இன்னும் பலமானது.

சூட்டிலிருந்து மின்சாரம்: இடிக்கும் இடம்

சூட்டை முழுக்க மின்சாரமாக மாற்ற முடியாது. இயந்திரத்தில் குறை இருப்பதால் அல்ல, இயற்கையின் விதியே அப்படி. 1824-இல் சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதற்கு அடித்தளம் போட்டார். வெப்ப இயந்திரம் எதுவானாலும், சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் உச்ச வரம்பைத் தீர்மானிக்கும். கணக்கு எளிது: இரண்டு வெப்பநிலையையும் கெல்வினில் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டி) எழுதி, வித்தியாசத்தைச் சூடான பக்கத்தின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும்.

நீராவி 300 டிகிரி செல்சியஸ், குளிர்விக்கும் பக்கம் 40 டிகிரி என்று வைப்போம். கெல்வினில் 573, 313. வித்தியாசம் 260. வகுத்தால் சுமார் 45 சதவீதம். இது காகிதத்தில் வரும் வரம்பு. நிஜ இயந்திரம் அதில் பாதியைத் தொட்டாலே நல்லது, அதாவது 20 சதவீதம் சொச்சம். உருகிய உப்பின் 565 டிகிரியில் வரம்பு 60 சதவீதத்தைத் தாண்டும், அதனால்தான் பெரிய நிலையங்கள் அவ்வளவு சூட்டைத் துரத்துகின்றன. கூரையில் இருக்கும் சாதாரண வாட்டர் ஹீட்டரின் 80, 90 டிகிரித் தண்ணீரை வைத்து மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம். வரம்பே 11 முதல் 14 சதவீதம், கையில் கிடைப்பது அதில் பாதியோ அதற்கும் குறைவோ.

இதோடு அளவின் தொல்லையும் சேர்கிறது. பெரிய டர்பைனில் பிளேடின் நுனிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மொத்த அளவில் ஒன்றுமே இல்லை. டர்பைன் சின்னதாகும்போது அந்த இடைவெளியை அதே விகிதத்தில் சின்னதாக்க முடியாது. நீராவி அது வழியே வேலை செய்யாமல் நழுவிவிடும். 1 மெகாவாட்டிலேயே இது தெரியத் தொடங்கும். 5 கிலோவாட்டுக்கு நீராவி டர்பைன் என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும்.

அதனால் சின்ன அளவில் தண்ணீருக்குப் பதிலாகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள். பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கும். ஏசியில் ஓடும் குளிர்பதனத் திரவங்கள் இன்னும் குறைவில். இவற்றின் ஆவி, அவ்வளவு வேகமில்லாத சின்ன இயந்திரங்களையும் ஒழுங்காக ஓட்டும். லெசோத்தோ நாட்டின் கிராமங்களுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர்கள் செய்து பார்த்தது இதைத்தான். பரவளையத் தொட்டி வடிவக் கண்ணாடிகள், குளிர்பதனத் திரவம், ஏசி கம்ப்ரஸரைத் தலைகீழாக ஓட்டுவது போன்ற ஒரு சுருள் இயந்திரம். கம்ப்ரஸர் மின்சாரத்தைத் தின்று ஆவியை அழுத்துகிறது. அதே அமைப்பில் அழுத்தமான ஆவியை உள்ளே விட்டால் அது சுழன்று மின்சாரம் தரும்.

இந்த யோசனை புதிது என்று நினைத்துவிட வேண்டாம். 1878 வாக்கில் பம்பாயில் ஆங்கில அரசு அதிகாரியாக இருந்த வில்லியம் ஆடம்ஸ் தட்டையான கண்ணாடிகளை வளைவாக அடுக்கிக் கொதிகலனைச் சூடாக்கி, நீராவி இயந்திரம் ஒன்றை வெயிலில் ஓட்டிக் காட்டினார். சேமிப்பும் பழைய கதைதான். அமெரிக்காவில் ஹென்றி வில்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் ஊரை ஒட்டிய பாலைவனத்தில், வெயிலில் சூடான தண்ணீரைப் போர்வை போட்ட தொட்டியில் சேர்த்து வைத்து, சூரியன் மறைந்த பிறகும் இயந்திரத்தை ஓட்டினார். இயந்திரத்துக்குள் ஓடியது சல்ஃபர் டையாக்சைடு. குறைந்த சூட்டில் கொதிக்கும் திரவம், சூட்டைச் சேர்க்க ஒரு தொட்டி: இன்றைக்குச் சிறிய நிலையங்களில் பேசுவதெல்லாம் நூற்றிருபது வருடத்துக்கு முன்பே இருந்தது. அன்று நிலக்கரியும் எண்ணெயும் மலிவு, அதனால் எடுபடவில்லை.

25-க்கு 1 எப்படி?

இந்தியா ஒன்னைப் பற்றிப் படிப்பவர்கள் ஒரு கணக்கில் தடுமாறுவார்கள். வெப்பத்திறன் 25 மெகாவாட், மின்திறன் 1 மெகாவாட் என்று போட்டிருக்கும். மீதி 24 எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் சரியாக வரும்.

770 டிஷ்ஷை 60-ஆல் பெருக்கினால் 46,200 சதுர மீட்டர். டிஷ்கள் சூரியனுக்குச் சாய்வாகத்தான் நிற்கின்றன, கண்ணாடியும் இரும்பும் கொஞ்சம் இழக்கின்றன. அதனால் நல்ல உச்சி வெயிலில் கிடைப்பது 25 மெகாவாட் வெப்பம். நாள் முழுக்க இந்த உச்சம் இருக்காது. முழு வெயிலுக்குச் சமமாக ஐந்து மணி நேரம் என்று வைத்தால், ஒரு நாளில் சேர்வது 125 மெகாவாட்-மணி, அதாவது ஒன்றேகால் லட்சம் வெப்ப யூனிட். இதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் எந்நேரமும் சுமார் 5 மெகாவாட் வெப்பம். அதில் ஐந்தில் ஒன்று மின்சாரம் என்றால் 1 மெகாவாட். அந்த ஐந்து மணி நேரம் என்பது நான் வைத்துக்கொண்ட தோராயக் கணக்கு, ஆனால் விஷயம் விளங்கப் போதுமானது. 25-இல் பெரும்பகுதி வீணாகவில்லை, ராத்திரிக்குப் போயிருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். சூட்டை மின்சாரமாக மாற்றும்போது ஐந்தில் நான்கு பங்கு போகிறது. அந்த நட்டம் சேமித்தாலும் உண்டு, சேமிக்காமல் பகலிலேயே ஓட்டினாலும் உண்டு. சேமிப்பதால் கூடுதலாகப் போவது போர்வை வழியே கசிவது மட்டும்தான், சில சதவீதம். மின்சாரத்தை எடுத்துச் சூடாக்கி வைத்து, பிறகு அந்தச் சூட்டிலிருந்து மறுபடி மின்சாரம் எடுத்தால் கதை வேறு. அப்போது சேமிப்பே ஐந்தில் நான்கைத் தின்றுவிடும்.

பேனலோடு போட்டி

நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதே 46,200 சதுர மீட்டருக்குச் சோலார் பேனல் போட்டால், சதுர மீட்டருக்கு 200 வாட் வீதம் 9 மெகாவாட்டுக்கு மேல் வரும். ஐந்து மணி நேர வெயிலுக்கு ஒரு நாளில் 46,000 யூனிட் மின்சாரம். இந்தியா ஒன் நாள் முழுக்க 1 மெகாவாட்டில் ஓடினாலும் 24,000 யூனிட். கிட்டத்தட்டப் பாதி. பேனலுக்கு நகரும் பாகம் இல்லை, பாய்லர் ஆபரேட்டர் வேண்டாம், மங்கலான நாளிலும் ஏதோ கொடுக்கும்.

ராத்திரிதான் பேனலின் பலவீனம். பேட்டரி விலை உச்சத்தில் இருந்த காலத்தில் அது பெரிய பலவீனமாக இருந்தது. 2010-இல் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கியபோது மத்திய அரசு சூரிய வெப்ப நிலையங்களுக்கும் பேனல்களுக்கும் ஏறக்குறைய சம பங்கு ஒதுக்கியது. பிறகு பேனல் விலை பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்கு விழுந்தது. ஒதுக்கிய வெப்ப நிலையங்களில் பல கட்டி முடிக்கப்படவே இல்லை. பின்னாலேயே லித்தியம் பேட்டரியின் விலையும் சரிந்தது. இன்று ஒரு கிராமத்துக்கு மின்சாரம் மட்டும்தான் வேண்டும் என்றால், பேனலும் பேட்டரியும் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கண்ணாடி அளவுக்குப் பேனலைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். நீராவியைக் குளிர்விக்க ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீரை ஆவியாக விடவும் வேண்டாம். பாலைவனத்தில் அந்தத் தண்ணீர்க் கணக்கு லேசானதல்ல.

ஆனால் "மின்சாரம் மட்டும்தான்" என்ற அந்த நிபந்தனையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். வளாகமோ ஆலையோ, உண்மையில் அங்கே எதற்கு ஆற்றல் செலவாகிறது? சமையல், வெந்நீர், துணி துவைத்து உலர்த்துவது, சாயம் ஏற்றுவது, பால் காய்ச்சுவது. இவற்றுக்குச் சூடுதான் வேண்டும். சூட்டைச் சூடாகவே கொடுத்தால் கார்னோவின் வரம்பு குறுக்கே வராது. இரும்பில் சேர்ந்த 25 யூனிட்டும் ஏறக்குறைய 25 யூனிட்டாகவே குண்டானுக்குப் போகும்.

நம் நாட்டில் வேரூன்றியதும் இந்த வகைதான். திருமலையில் தேவஸ்தானத்தின் அன்னதானக் கூடத்துக்காக 2002-இல் ஷெஃப்லர் டிஷ்கள் போட்டு, 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் நீராவி எடுத்தார்கள். ஷீரடியிலும் அப்படி ஒரு சமையலறை உண்டு. மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் ஒரு பால் பண்ணை, பாலைப் பதப்படுத்தும் சூட்டுக்காக 2006-இல் 'அருண்' என்ற பெரிய டிஷ்ஷை நிறுவியது. ஐஐடி பம்பாயின் பங்களிப்போடு உருவான வடிவமைப்பு அது. ஆரோவில் கிண்ணமும் இதே ரகம். இவற்றில் டர்பைன் இல்லை, ஜெனரேட்டர் இல்லை.

இரண்டும் சேர்ந்தும் வரலாம். மின்சாரம் எடுத்த பிறகு நீராவியில் மிஞ்சும் சூட்டைக் குளிர்விப்பான் வழியாகக் காற்றில் விடாமல், 70, 80 டிகிரி வெந்நீராகத் துணி துவைக்கவோ உப்புநீரைக் குடிநீராக்கவோ கொடுத்தால் போன ஐந்தில் நான்கு பங்கில் பாதியாவது கைக்கு வரும். குளிர்ந்த பக்கம் 40 டிகிரிக்குப் பதில் 80 டிகிரி ஆவதால் மின்சாரம் கொஞ்சம் குறையும். பெரும்பாலான இடங்களில் அந்தப் பேரம் லாபம்தான்.

சேமிப்பு மட்டும் தனியாகப் பிரிந்து வெற்றி பெற்ற கதையும் ஒன்று உண்டு. ஃபின்லாந்தின் காங்கான்பா ஊரில் 2022-இல் போலார் நைட் எனர்ஜி என்ற நிறுவனம் 100 டன் மணலை ஒரு பெரிய இரும்பு உருளையில் நிரப்பி, மின் ஹீட்டரால் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைத்தது. 8 மெகாவாட்-மணி வெப்பம் அதில் சேரும். மலிவான மின்சாரம் கம்பி வழியே உள்ளே போகும், ஊருக்கு வெந்நீராகச் சூடு குழாய் வழியே வெளியே வரும். அதை அவர்கள் மறுபடி மின்சாரமாக்கவில்லை. பேனல் மலிவாகிவிட்ட இந்தக் காலத்தில் கண்ணாடிகளுக்குப் பதில் பேனல்களை மாட்டி, அதே இரும்பையோ கல்லையோ மணலையோ சூடாக்குவது பற்றிப் பலர் யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. பேனலோடு சேர்ந்தால் மங்கலான நாளின் சிதறிய ஒளியும் மணலுக்குள் போய்விடும்.

கையால் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டுச் சிலருக்கு மொட்டை மாடியில் ஒரு டிஷ்ஷை வைத்துப் பார்க்கத் தோன்றும். செய்யுங்கள், ஆனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் சேமிப்பு. ஒரு டின்னில் கருங்கல் ஜல்லியை நிரப்பி, சுற்றிலும் சூடு கசியாமல் தடுக்கும் ராக்வூல் பஞ்சைச் சுற்றி, மின் ஹீட்டரால் 200 டிகிரிக்கு ஏற்றி, மறுநாள் காலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பாருங்கள். கசிவைப் பற்றி அது நிறையக் கற்றுக்கொடுக்கும். நனைந்த ஜல்லியை அப்படியே சூடாக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் தெறிக்கும். முதல் தடவை மெதுவாக உலர்த்துங்கள். மூடியை இறுக்கி அடைக்காமல் ஆவி வெளியேற ஒரு துளை விடுங்கள். ஆற்றுக் கூழாங்கற்களில் எது தெறிக்கும், எது தாங்கும் என்று பார்வையில் சொல்ல முடியாது.

அப்புறம் கண்ணாடி. குவியத்தில் கை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கண்தான் உடனே நினைவுக்கு வராது. வெல்டிங் கண்ணாடி இல்லாமல் குவியத்தைப் பார்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் டிஷ்ஷைத் துணியால் மூடிவிடுங்கள். திறந்து கிடக்கும் டிஷ், சூரியன் நகர நகரத் தன் குவியத்தைப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கோ காய்ந்த ஓலைக்கோ கொண்டுபோய்விடும்.

நீராவியைக் கடைசியில் தொடுங்கள், முடிந்தால் தொடவே வேண்டாம். அடைத்த பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அழுத்தம் ஏற்றுவது வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. நம் நாட்டில் பாய்லர்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 25 லிட்டருக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் விலக்கு சட்டத்திலிருந்துதான், வெடிப்பிலிருந்து அல்ல. சுழலும் இயந்திரம் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அழுத்தப்பட்ட நீராவி இல்லாமல் சூடான காற்றிலேயே ஓடும் சின்ன ஸ்டர்லிங் இயந்திரம் வாங்கி, ஜல்லியின் சூட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு எல்இடி பல்ப் எரிந்தால் பெரிய விஷயம். ஜல்லியில் எத்தனை யூனிட் போயிற்று, பல்புக்கு எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே ஜல்லியில் ஒரு குடம் தண்ணீரைச் சூடாக்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.